உம்முடைய குளத்தடிக் காணி பற்றி

ஒட்டுசுட்டான்
ஆனி மாதக் கடைசி

அன்பின் நண்பருக்கு,

உம்முடைய கடிதமும் பேத்தியின் பட்டமளிப்புப் படமும் கிடைத்தன. பிள்ளை உம்முடைய அம்மாவை உரித்து வைத்திருக்கிறாள். எனக்கு வலது கண்ணில் வெண்புரை எடுத்துவிட்டார்கள். இப்போது குளத்தின் மறுகரையில் நிற்கும் மாட்டின் சூட்டுக்குறிகூடத் தெரிகிறது. குளத்தடிக் காணியைக் கிரவல் (தெருவுக்குப் போடும் சரளை மண்) அகழக் கேட்டு ஒருவர் ஓயாமல் தொலைபேசி எடுப்பதாகவும், விற்க மனமும் வைத்திருக்க வழியும் இல்லாத நிலையில் காட்டைக் காடாகவே தருமத்துக்கு விட முடியுமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருந்தீர். கதிரையில் இருந்துகொண்டு இதற்குப் பதில் சொல்ல விரும்பாமல், சென்ற கிழமை நேரே போய்ப் பார்த்துவிட்டே எழுதுகிறேன்.

பதினெட்டு ஏக்கரையும் சுற்றி வர அரை நாள் சென்றது. வடக்கெல்லைக் கல்லைப் பற்றைக்குள் தேடி எடுக்கவே ஒரு மணித்தியாலம் போயிற்று. உம்முடைய ஐயா கொட்டில் போட்டிருந்த இடத்துப் பாலை மரம் இன்னும் நிற்கிறது. அதன் பட்டையில் என் தலைக்கு மேலே வரைக்கும் கரடியின் நகக் கீறல்கள், பழையவை கறுத்தும் புதியவை சிவந்தும் கிடக்கின்றன. பழக்காலம் முடியும் தறுவாய் என்றாலும் இரண்டொன்று பொறுக்கித் தின்றேன். பால் உதட்டில் ஒட்டிக்கொண்டு வீடு வந்து எண்ணெய் தடவும் வரை போகவில்லை, சின்ன வயதில் உம்மோடு பட்ட அதே அவதி. நீங்கள் இடம்பெயர்ந்தபோது மிளகாய்த் தோட்டமாக விட்டுப்போன நாலு ஏக்கரில் இப்போது முதிரையும் வீரையும் தொடைப் பருமனுக்கு நிற்கின்றன. ஒன்றையும் ஒருவரும் நடவில்லை.

நீர் விலை பேசும்போது மறந்துவிடக் கூடாதது அந்தக் காணியின் சரிவு. மேட்டுக் காட்டில் விழும் மாரி மழை வேரிலும் சருகிலும் தங்கித் தங்கித்தான் எங்கள் சின்னக் குளத்துக்குள் இறங்குகிறது. அங்கே கிரவல் தோண்டினால் மண் கரைந்து அலைகரையில் படியும், குளம் கொள்ளும் தண்ணீர் ஒவ்வொரு மாரிக்கும் குறையும், கீழ் வயற்காரர் சிறுபோகத்தை மறக்க வேண்டியதுதான். கமநல சேவையில் இருந்த காலத்தில் தூர்ந்துபோன குளங்களை நான் எத்தனையோ பார்த்தேன். குளக்கட்டைத் திருத்தவும் தண்ணீர் திறக்கும் துருசை மாற்றவும் பணம் வந்தது, மேலே காடு அழிந்ததைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை, நான் உட்பட.

தருமத்துக்குக் காணி விடுவது எங்கள் சனத்துக்குப் புதிதல்ல. மடத்துக்கும் கேணிக்கும் சுமைதாங்கிக்கும், மாடு உரஞ்சிக்கொள்ள ஆவுரோஞ்சிக் கல் நடுவதற்கும் தருமசாதனம் என்ற அறக்கொடை உறுதி எழுதியவர்களின் பிள்ளைகள் நாங்கள். காட்டுக்கென்று எழுதியதாக மட்டும் நான் அறியவில்லை. அப்போது காடு குறைவுபடும் பொருளாக யாருக்கும் தோன்றியிருக்காது. இங்கே உறுதி எழுதும் நொத்தாரிசிடம் விசாரித்தேன். 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் வறியோர் உதவி, கல்வி, சமயம் ஆகியவற்றோடு மனித குலத்துக்கு நன்மையான பிற நோக்கங்களையும் தருமமாக ஏற்கிறதென்றும், அதற்குள் இதை அடக்கி எழுதலாமென்றும் அவர் சொன்னார்.

வெளிநாடுகளில் இது நன்றாக வேரூன்றிய வழக்கம். இங்கிலாந்தில் 1895இல் தொடங்கிய தேசிய அறக்கட்டளை 1899இல் விக்கன் என்ற சதுப்பு நிலத்தில் வெறும் இரண்டு ஏக்கரை வாங்கித்தான் இயற்கைக் காப்பிடங்களை வைத்திருக்கத் தொடங்கியது. 1907இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், அந்த அமைப்பு தன் நிலத்தை இனிக் கைமாற்ற முடியாததென்று அறிவிக்கும் அதிகாரத்தைக் கொடுத்தது. எனக்கு ஏக்கர்க் கணக்கைவிட அந்த ஏற்பாடுதான் பெரிதாகப் படுகிறது. அமெரிக்காவில் உரிமையாளர் காணியைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு, கட்டடம் கட்டும் உரிமையையும் துண்டாடும் உரிமையையும் மட்டும் ஓர் அறநிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்துவிடுகிறார்; பின்னர் அதை யார் வாங்கினாலும் அந்தக் கட்டுப்பாடு காணியோடு கூடவே போகும். இங்கே அந்த முறை பழக்கத்தில் இல்லாததால் உமக்குத் தருமசாதனமே பொருத்தம் என்று நினைக்கிறேன்.

எங்கள் காட்டுக்கு நெருங்கிய உதாரணம் தம்புள்ளையில் இருக்கிறது. தேயிலைத் தோட்டத்துரையாக இருந்த சாம் பொப்பம் என்ற ஆங்கிலேயர் 1963இல் அங்கே அழிந்துபோன பற்றைக் காணியொன்றை எடுத்துக் காடாக்கத் தொடங்கினார். முதலில் கன்று நட்டுப் பார்த்தார், சரிவரவில்லை. பிறகு முள்ளையும் கொடியையும் வெட்டி, தானாக முளைத்த கன்றுகளுக்கு வெளிச்சம் விட்டார். வறள் வலய மரங்கள் தாமே எழுந்தன. பிற்காலத்தில் அதை ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்தார். உம்முடைய மிளகாய்த் தோட்டம் ஒருவருடைய உதவியும் இல்லாமல் அதையேதான் செய்திருக்கிறது. ஆகவே தயவுசெய்து கன்று நடும் விழாவுக்குக் காசு அனுப்பாதீர். சுற்றாடல் தினத்தில் படம் எடுத்து நட்ட கன்றுகள் ஆவணிக்குள் கருகுவதை ஆண்டுதோறும் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. நாயுண்ணியையும் சூரை முள்ளையும் வெட்ட இரண்டு பேருக்குக் கூலியும், சோழகம் வீசும் மாதங்களில் எல்லையைச் செருக்கித் தீத்தடுப்பு வைக்கச் செலவும் போதும்.

காவலுக்கும் ஒருவரை வைத்தே ஆகவேண்டும். ஆளில்லாக் காணியை எதிரிடையாகப் பத்து வருடம் தொடர்ந்து ஆண்டவர் உரிமை கோரலாம் என்பது உமக்குத் தெரியும். காட்டைக் காடாக விட்டிருப்பது வெளியாருக்குக் கைவிட்ட காணியாகவே தெரியும். மற்றது, 'பாதுகாக்கப்பட்ட காடு' என்ற சொல்லே மீள்குடியேறிய சனத்துக்குப் பிடிக்காது. திரும்பி வந்தபோது தங்கள் வயலுக்குள் வன இலாகாவின் எல்லைக்கல் நிற்கக் கண்டவர்கள் அவர்கள். என்னுடைய ஒன்றரை ஏக்கரும் அப்படித்தான் போனது. நீர் எழுதும் சாதனமும் இன்னொரு எல்லைக்கல்லாகிவிடக் கூடாது. மாடு தண்ணீருக்கு இறங்கும் பாதை, பாலைப்பழமும் வீரைப்பழமும் பொறுக்குவது, தேன், காய்ந்த விறகு ஆகியவற்றை ஊருக்கு விட்டு, பச்சை மரம் தறிப்பதையும் மண் அள்ளுவதையும் மட்டும் தடுத்து எழுதும். பொறுப்பாளர்களில் இருவரேனும் கீழ் வயற்காரராக இருக்கட்டும். தண்ணீர் வேண்டியவர் கண் அந்தக் காட்டை விட்டு அகலாது.

நல்ல வேளையாக இது சொந்தப் பத்திரம் உள்ள உறுதிக் காணி. அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பேமிற் காணியாக இருந்திருந்தால் கந்தோர் கந்தோராக அலைந்திருப்போம். ஆனால் பிரான்சில் இருக்கும் உம்முடைய தங்கைக்குப் பிரிக்கப்படாத பாதிப் பங்கு உண்டு. அவள் கையொப்பம் இல்லாமல் ஒன்றும் நகராது. மகளின் சீதனத்துக்கென்று அவள் அதை மனதில் வைத்திருக்கவும் கூடும், ஆகவே சாதனத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் அவளுடைய எண்ணத்தைக் கேளும். அவள் சம்மதித்தால் இருவரும் உங்கள் சார்பில் கையொப்பமிட அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்புங்கள். பழைய உறுதியின் பிரதியும் நில அளவைப் படமும் உம்மிடம் இருந்தால் அவற்றையும் அனுப்பும், வடக்கெல்லையில் நான் கண்ட கல் படத்தில் உள்ளதுதானா என்று பார்க்க வேண்டும். கிரவல்காரர் திரும்பவும் எடுத்தால், பங்காளியைக் கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்லி வையும்.

அன்புடன்,
உம்முடைய பழைய வகுப்புத் தோழன்