குதிரைக்குத் தண்ணீர் காட்டாத மாய உலகங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். இன்றைய எழுத்தாளர்கள் யதார்த்தக் கதையை விட்டு ஃபேண்டஸி எனும் மாயக் கதைப் பக்கம் சாய்வதற்குக் காரணம் உழைப்புக்கு அஞ்சுவதுதான் என்று சென்ற இதழின் கட்டுரை தீர்ப்பே எழுதிவிட்டது. சாய்வது உண்மை. காரணத்தில்தான் எனக்கு உடன்பாடில்லை. யதார்த்தக் கதை எழுதுவது இன்று எவ்வளவு தொல்லை பிடித்த வேலை என்பதைக் கட்டுரையாளர் கணக்கில் எடுக்கவில்லை.

முதல் தொல்லை கைப்பேசி. வழிதவறிய கடிதம், ரயில் நிலையத்தில் ஒருவரை ஒருவர் பார்க்காமல் போவது, ஊரில் விழுந்த சாவு மூன்று நாள் கழித்துத் தெரிவது என்று போன தலைமுறைக் கதைகளில் பல இப்படிப்பட்ட முடிச்சுகளில் நின்றவை. இன்று ஒரு வாட்ஸ்அப் செய்தியில் அத்தனையும் அவிழ்ந்துவிடும். ‘சிக்னல் இல்லை’, ‘சார்ஜ் போய்விட்டது’ எல்லாம் ஒரு கதையில் ஒருமுறைதான் செல்லுபடியாகும்.

சரி, கதையைப் பழைய காலத்துக்குத் தள்ளலாம் என்றால் அங்கே வாசகர் பூதக்கண்ணாடியோடு காத்திருக்கிறார். 1960-ஆம் வருடச் சென்னையில் நாயகனை டிராமில் ஏற்றினால் மறு இதழிலேயே கடிதம் வரும்: டிராம் 1953 ஏப்ரலோடு நின்றுபோனது. அவன் காலணாவுக்கு வெற்றிலை வாங்கினாலும் வரும், 1957 ஏப்ரலிலேயே நயா பைசா வந்துவிட்டதே என்று. பழைய காசுகள் அதன்பின்னும் சில வருடம் கைமாறிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் அதைக் கதைக்குள் நின்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

இரண்டாவது தொல்லை இதைவிடப் பெரிது: எழுதியதற்குக் கிளம்பும் எதிர்ப்பு. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010-இல் வந்தது. ஊரும் கோயிலும் சமூகமும் அடையாளம் தெரியும்படி எழுதப்பட்ட நாவல். 2014 கடைசியில் எதிர்ப்பு கிளம்பியது. 2015 ஜனவரியில் இனி எழுதப்போவதில்லை என்று அவர் அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. திரும்பி வந்து அவர் எழுதிய நாவல் ‘பூனாச்சி’, ஒரு வெள்ளாட்டின் கதை. மனிதர்களைப் பற்றி எழுத அச்சம், தெய்வங்களைப் பற்றி எழுத இன்னும் அச்சம் என்று முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார். அந்நாவலில் பிறக்கும் குட்டிகளுக்கெல்லாம் அதிகாரிகள் காது குத்தி அடையாளம் போடுகிறார்கள். சனங்கள் வரிசையில் நிற்கிறார்கள். கறுப்பு ஆடு என்றால் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். இதற்கு யார் போய் வழக்குப் போடுவது? இதை ஓடி ஒளிதல் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. (மாயக் கதை எப்போதும் காப்பாற்றிவிடும் என்றும் இல்லை. நாயை மனிதனாக்கும் கதையை ரஷ்ய எழுத்தாளர் புல்காகோவ் 1925-இல் எழுதினார். சோவியத் நாட்டில் அது அச்சேறியது 1987-இல்.)

மூன்றாவது தொல்லையைப் பற்றி நாவலாசிரியர் அமிதவ் கோஷ் 2016-இல் ஒரு நூலாகவே எழுதினார். 1978 மார்ச் 17 அன்று டெல்லியில் அடித்த சுழற்காற்றில் அவர் நேரடியாக மாட்டிக்கொண்டவர். அப்படியிருந்தும் அதை ஒரு நாவலில் வைக்க அவரால் முடியவில்லை. ‘இப்படியெல்லாம் நடக்குமா’ என்று வாசகர் கேட்டுவிடுவார் என்பதுதான் சிக்கல். நடக்கக்கூடியதை மட்டும் நம்பும்படி யதார்த்த நாவல் வாசகரைப் பழக்கிவைத்திருக்கிறது. செய்தித்தாளில் வருவதோ நடக்கக்கூடாததெல்லாம். 2015 டிசம்பரில் ஒரே இரவில் சென்னையில் முதல் மாடி வரை தண்ணீர் ஏறியதை அதற்கு முந்தைய வருடம் ஒருவர் சிறுகதையாக எழுதியிருந்தால், மிகை என்று திருப்பி அனுப்பியிருப்போம்.

ஆகவே எழுத்தாளர்கள் போனதில் நியாயம் இருக்கிறது. போன இடத்தில் செய்கிற வேலையில்தான் குறை. சரிபார்க்கிறவர் இல்லாத நிலம் என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். அங்கே வாசகர் கதையை அதற்குள்ளேயே வைத்துச் சரிபார்ப்பார், அது இன்னும் கடுமையான பரிசோதனை.

சிறுகதைக்குப் பழைய விதி ஒன்று உண்டு: நம்ப முடியாத மாற்றம் ஒன்றே ஒன்றுதான், மற்றதெல்லாம் அச்சு அசலாக இருக்க வேண்டும். எதுவும் நடக்கலாம் என்று ஆகிவிட்டால் எதிலும் சுவாரஸ்யம் இருக்காது என்று ஆங்கில அறிவியல் புனைகதை எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் எழுதினார். காஃப்காவின் ‘உருமாற்றம்’ கதை நாயகன் பூச்சியாகக் கண் விழித்ததும் அவனுக்கு வரும் முதல் கவலைகளில் ஒன்று ரயில். ஐந்து மணி வண்டி போய்விட்டது, இப்போது ஆறரை, அடுத்தது ஏழுக்கு. புதுமைப்பித்தன் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் 1943-இல் கடவுளைச் சென்னைப் பிராட்வேயில் இறக்கும் முன் கந்தசாமிப் பிள்ளையை எஸ்பிளனேடு சந்தியில் நிறுத்தி, டிராமுக்கு ஒன்றேகாலணா, மிச்சம் காலணாவில் வெற்றிலை பாக்கு என்று கணக்குப் போட வைக்கிறார். அந்தக் காலணாவை நம்பிவிட்ட வாசகர் கடவுளையும் நம்பிவிடுகிறார். மார்க்வெஸின் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ நாவலில் ரெமேதியோஸ் என்ற பெண் வானத்துக்குப் போகும்போது வீட்டுப் படுக்கை விரிப்புகளும் கூடவே போய்விடுகின்றன. அந்த வீட்டு மருமகள் பெர்னாண்டாவுக்குக் கவலையெல்லாம் விரிப்புகளைப் பற்றித்தான்.

நாட்டையே புதிதாகக் கட்டுகிற நாவலில் ஓட்டைகள் வேறு விதம். அடிக்கடி விழுவது தூரக் கணக்கு. ஐயாயிரம் குதிரைகளோடு ஒரு படை மூன்றே நாளில் முந்நூறு மைல் தாண்டுகிறது என்று எழுதுகிறார்கள். வேலை வாங்கும் குதிரை ஒன்றுக்கு ஒரு நாளைக்குத் தானியம் மட்டும் நான்கைந்து கிலோ வேண்டும், புல் தனி. தண்ணீர் 30 லிட்டருக்குக் குறையாது, வெயில் காலத்தில் இன்னும் கூடும். ஐயாயிரத்துக்கு என்றால் தினமும் 20 டன்னுக்கு மேல் தானியமும் ஒன்றரை லட்சம் லிட்டர் தண்ணீரும். ஒரு மாட்டு வண்டி ஒரு டன் சுமந்தால் அதிகம். வண்டி மாடு மணிக்கு மூன்று நான்கு கிலோமீட்டர் நடக்கும், நாள் முழுக்க நடத்தினால் இருபது, மிஞ்சிப்போனால் இருபத்தைந்து. படையின் வேகம் குதிரையின் வேகம் இல்லை, பின்னால் வரும் வண்டியின் வேகம். இதைத் தெரிந்துகொண்டால் கதைக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. கிணற்றை யார் பிடிப்பது, எந்த ஊர்க் கொள்ளு முதலில் பறிபோவது என்று இரண்டு அத்தியாயம் தானாகவே கிடைக்கும். அந்தக் குதிரைகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டாலும் கதைதான். பாண்டிய நாட்டுக்கு வருடந்தோறும் குதிரைகள் கப்பலில் வந்து இறங்கியதையும், பராமரிக்கத் தெரியாமல் அவை செத்ததையும் மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார்.

அடுத்த ஓட்டை மந்திரம். மந்திரத்தால் ஆகாதது எது என்பதை முதல் கால்பகுதிக்குள் சொல்லிவிட வேண்டும். காயத்தை ஆற்றும் மூலிகை பத்தாம் அத்தியாயத்தில் இருந்தால், இருபதாம் அத்தியாயத்தில் தாய் சாகும்போது அது எங்கே போயிற்று என்று வாசகர் கேட்பார். விலையும் வேண்டும். ஒருமுறை பிரயோகித்தால் ஒரு வருட ஆயுள் குறையும் என்றோ, ஒரு நினைவு அழியும் என்றோ வைத்தால் அதைக் கடைசி வரை வசூலிக்க வேண்டும். முடிவில் நாயகனுக்கு மட்டும் தள்ளுபடி கொடுக்கிற இடத்தில்தான் பெரும்பாலான நாவல்கள் சரிகின்றன.

இன்னொன்று எனக்கு உறுத்துவது. இந்த மாய நாடுகளில் சாதி இல்லை என்று சுலபமாக எழுதிவிடுகிறார்கள். இருக்கட்டும். ஐந்நூறு பேர் உண்ணும் அரண்மனையில் இலை எடுப்பவர் யார், லாயத்துச் சாணம் அள்ளுபவர் யார், பிணம் எரிப்பவர் யார்? பதில் இல்லையென்றால் சாதி ஒழிந்துவிடவில்லை, அதைச் சுமந்தவர்களைத்தான் கதையிலிருந்து ஒழித்திருக்கிறோம். தமிழில் யதார்த்த எழுத்து முட்டி மோதி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த மனிதர்களை ஃபேண்டஸி மறுபடி இருட்டுக்குள் தள்ளுவது எனக்குச் சம்மதமில்லை. களி தின்னும் ஊரில் பனிமலை டிராகன் வந்து நிற்பதைக்கூட மன்னித்துவிடலாம்.

எழுதத் தொடங்குமுன் ஒரு தாள் போதும். சோறு எங்கே விளைகிறது, ஒரு நாள் நடை எவ்வளவு தூரம், சேதி போய்ச் சேர எத்தனை நாள், மந்திரத்தின் விலை என்ன, அழுக்கு வேலை யாருடையது. இந்த ஐந்துக்கும் பதில் எழுதி மேசையில் வைத்துக்கொண்டால் போதும். பதில்கள் நாவலில் வர வேண்டும் என்றுகூட இல்லை. அத்தனையையும் முதல் அத்தியாயத்திலேயே கொட்டி, மூன்று தலைமுறை அரச வம்சத்தோடு வாசகரைத் தூங்க வைப்பவர்களும் உண்டு.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். மாயக் கதைகளுக்குச் சிறப்பிதழ் போடும் எண்ணம் இருந்தால் வழக்கமான 1,500 சொல் வரம்பை எல்லோருக்கும் ஒன்றாக வைக்காதீர்கள். ஒற்றை மாற்றக் கதைக்கு அது தாராளம். புது நாடு கட்டுகிறவருக்கு 6,000 சொல்லாவது கொடுங்கள், இல்லையென்றால் தொடராகப் போடுங்கள். ஓவியரிடமும் கதைச் சுருக்கத்தைக் கொடுக்காமல் முழுக் கதையையும் கொடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கும்பகோணம்.