ஒரு நாள் லாபம் வேறு, மாத வருமானம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலையை விட்டுவிட்டு, வாங்கிய பங்கை அன்றே விற்றுவிடும் இன்ட்ராடே டிரேடிங்கில் மட்டுமே குடும்பம் நடத்துவதாகச் சொன்ன இளைஞரின் பேட்டியைச் சென்ற இதழில் படித்தேன். அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அப்படிப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எத்தனை பேரில் ஒருவர் என்று பேட்டி எடுத்தவர் கேட்கவே இல்லை. என் தம்பி இப்படி ஒரு பேட்டியைப் பார்த்துத்தான் வேலையை விட்டான்.

கணக்கு எழுதுவது என் தொழில். இரண்டு வருடம் கழித்து அவன் தன் கான்ட்ராக்ட் நோட்டுகளை, அதாவது அன்றன்றைய வாங்கல், விற்றல், கட்டண விவரங்களோடு தரகர் அனுப்பும் தாள்களை, என்னிடம் கொடுத்தான். ஒரு மாதத்தை மட்டும் எடுத்துத் தாளில் போட்டோம். 21 வணிக நாட்களில் 14 நாள் லாபம். "பாத்தியாண்ணா, மூணுல ரெண்டு நாள் நான் கணிச்சது சரி" என்றான். சரிதான். ஆனால் லாப நாட்களில் கொஞ்சம் ஏறியதுமே பயந்து விற்றிருக்கிறான். நஷ்ட நாட்களிலோ, 'திரும்பி வந்துவிடும்' என்று ஸ்டாப் லாஸை, அதாவது இந்த விலைக்கு இறங்கினால் விற்றுவிட வேண்டும் என்று முன்பே வைத்த எல்லையை, கீழே கீழே நகர்த்தியிருக்கிறான். ஒரு வியாழக்கிழமை மட்டும் மூன்று முறை. அந்த ஒரு நாள், ஒன்பது நாள் லாபத்தைக் கொண்டுபோய்விட்டது. எல்லாம் கூட்டிக் கழித்த பிறகும் சிறு லாபம் நின்றது. தரகுக் கட்டணம், பரிவர்த்தனை வரி, எக்ஸ்சேஞ்ச் கட்டணம் என்று ஒவ்வொன்றாகக் கழித்தேன். நஷ்டத்தில் முடிந்தது. அதுவரை அந்தக் கட்டணப் பத்தியை அவன் ஒரு நாளும் கூட்டிப் பார்த்ததில்லை. வெகுநேரம் பேசாமல் இருந்தான்.

இது அவன் ஒருவன் கதை இல்லை. பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2024 ஜூலையில் வெளியிட்ட ஆய்வின்படி, 2022-23 நிதியாண்டில் பங்குகளில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் பத்தில் ஏழு பேருக்கு நஷ்டம். நஷ்டப்பட்டவர்கள் அந்த நஷ்டத்தில் 57 சதவீதத்துக்குச் சமமான தொகையைக் கட்டணமாகவும் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள்.

பிரேசிலில் நடந்த ஆய்வு இன்னும் நேராக நம் கேள்விக்கே பதில் சொல்கிறது. 2013 முதல் 2015 வரை அங்கே ஃபியூச்சர்ஸ் எனும் முன்பேர ஒப்பந்தங்களில் தினவணிகம் (அன்றே வாங்கி அன்றே விற்பது) தொடங்கி, 300 நாட்களுக்கு மேல் விடாமல் செய்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். 97 சதவீதம் பேருக்கு நஷ்டம். அந்த நாட்டின் குறைந்தபட்சக் கூலிக்கு மேல் சம்பாதித்தவர்கள் 1.1 சதவீதம்தான். 'போகப் போகப் பழகிவிடும்' என்கிறார்களே, நாளாக ஆகத் திறமை கூடியதற்கான அறிகுறியும் அதில் இல்லை. தைவானில் தினவணிகம் செய்தவர்களிலும், 1992 முதல் 2006 வரையிலான கணக்கில், கட்டணம் போகத் தொடர்ந்து லாபம் பார்க்கக் கூடியவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு.

லாபம் பார்ப்பது ஒன்று, அதிலேயே சாப்பிடுவது வேறொன்று. வருடத்துக்கு 20 சதவீதம் நிகர லாபம் எடுப்பதே பெரிய காரியம். அப்படியே எடுத்தாலும், ஒரு வருட வீட்டுச் செலவைப் போல் ஐந்து மடங்கு பணம் முதலாகப் போட வேண்டும். லாபம் முழுவதும் செலவுக்கே போய்விடுவதால் முதல் வளரவும் வளராது. அவ்வளவு முதல் இல்லாதவர்கள்தான் மார்ஜினில், அதாவது கைப்பணத்தைப் போல் பல மடங்குக்குப் பங்கு வாங்கத் தரகர் தரும் வசதியில், இறங்குகிறார்கள். ஐந்து மடங்கு மார்ஜினில் பங்கு 2 சதவீதம் இறங்கினால் கைப்பணத்தில் 10 சதவீதம் போச்சு. பாதி முதல் போனால், பழைய இடத்துக்கு வர மிச்சமிருப்பது இரட்டிப்பாக வேண்டும். இதற்கு நடுவே வாடகை காத்திருக்காது. மாதக் கடைசி நெருங்கியும் லாபம் வராவிட்டால் இரண்டு மடங்கு வாங்கிப் பார்க்கச் சொல்லும் மனசு. சம்பளம் வந்துகொண்டிருக்கும்போது அதே ஆள் அப்படிச் செய்திருக்க மாட்டார். என் தம்பியும் செய்ததில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி இப்படி ஒரு பேட்டி போடும்போது, ஒரு நாள் லாபத்தின் ஸ்க்ரீன்ஷாட்டோடு நிறுத்தாமல் மூன்று வருட வருமான வரிக் கணக்கைக் கேளுங்கள். கட்டணமும் வரியும் போக நின்றது எவ்வளவு, வீட்டுக்கு எடுத்தது எவ்வளவு, வகுப்பு நடத்தியும், எதை வாங்கலாம் என்ற டிப்ஸ் விற்றும் வந்தது எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டு, அவர் சொல்வதை அப்படியே அச்சிடுங்கள். காட்ட மறுத்தால், மறுத்தார் என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
கணக்காளராகப் பணிபுரியும் ஒரு வாசகர்