கையெழுத்தும் கல்யாண மோதிரமும்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு நிம்மதியானது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விட்டுக்கொள். குனிந்து கோலம் போடுவதை எல்லாம் கொஞ்ச நாளைக்கு மருமகளிடம் விட்டுவிடு. இங்கே எல்லாரும் சுகம். என் மூட்டுவலிதான் போகிற வழியாக இல்லை.

பேத்தி கல்லூரியில் வரலாறு எடுத்திருக்கிறாள். இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட ஐரோப்பா இந்தப் பருவத்துப் பாடம். அவள் நூலகத்திலிருந்து கொண்டுவருகிற புத்தகங்களை நானும் ராத்திரியில் எடுத்து வைத்துக்கொள்கிறேன். நாம் வேலை பார்த்த காலமெல்லாம் முசோலினியை ஒரே பக்கத்தில் நடத்தி முடித்தோம், நினைவிருக்கிறதா? ஐந்து மதிப்பெண் கேள்வி, அவ்வளவுதான். இப்போது ஆற அமரப் படிக்கும்போது பல இடங்களில் மேலே போக முடியாமல் நின்றுவிடுகிறேன்.

உன் கடிதத்தின் கடைசியில் எழுதியிருந்தாய், ஒரு நாட்டில் சர்வாதிகாரம் வந்தால் அது அந்த மக்களின் கோழைத்தனம்தான் என்று. எனக்கு அது சரியாகப் படவில்லை. இத்தாலியை வைத்தே சொல்கிறேன். அங்கே மக்கள் பயந்தார்கள், உண்மைதான். ஆனால் பயப்பட வேண்டிய அவசியமே இல்லாத சிலர்தான் கதவைத் திறந்துவிட்டவர்கள்.

முசோலினி 1919 மார்ச்சில் மிலானில் ஃபாசிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கினார். அந்த வருஷம் நவம்பரில் தேர்தல். இயக்கம் தொடங்கிய மிலானிலேயே அவர்களுக்கு 5,000 ஓட்டு கூட விழவில்லை. ஓர் இடமும் இல்லை. மூன்றே வருஷத்தில் அவர் பிரதமர். நடுவில் என்ன நடந்தது? போர் முடிந்து திரும்பிய சிப்பாய்களுக்கு வேலையில்லை, விலைவாசி ஏறிக் கிடந்தது. 1920 செப்டம்பரில் வடக்கே தொழிலாளர்கள் ஆலைகளைக் கைப்பற்றி உட்கார்ந்தார்கள். போ நதிச் சமவெளியில் விவசாயக் கூலிகள் சங்கம் வைத்துக் கூலி கேட்டார்கள். பண்ணையாருக்கும் ஆலை முதலாளிக்கும் நடுக்கம் வந்தது. அவர்கள் காசு கொடுத்தார்கள், லாரி கொடுத்தார்கள். அந்த லாரிகளில் ஏறித்தான் முசோலினியின் கருஞ்சட்டைக்காரர்கள் ஊர் ஊராகப் போனார்கள். (நம்மூர்க் கருஞ்சட்டையோடு இதைச் சேர்த்து நினைத்துவிடாதே, அது வேறு, இது வேறு.)

அவர்கள் செய்ததில் என்னால் மறக்க முடியாதது விளக்கெண்ணெய். சங்கத் தலைவரை, கூட்டுறவுச் சங்கம் நடத்தியவரை, இடதுசாரி ஊராட்சித் தலைவரை வீட்டிலிருந்து இழுத்து வந்து, வாயைப் பிளந்து, விளக்கெண்ணெயைப் பாட்டில் கணக்கில் ஊற்றுவார்கள். அப்புறம் நாலு பேர் பார்க்கத் தெருவில் விட்டுவிடுவார்கள். நாம் பிள்ளைகளுக்கு வயிறு சுத்தமாகக் கொடுக்கிற அளவு உனக்குத் தெரியும். அந்த மனிதரின் கதியை யோசித்துப் பார். உடம்பு தேறினாலும் மறுநாள் அவர் எந்த முகத்தோடு தெருவில் நடப்பார்? அடிபட்டவரைப் பார்த்தால் ஊருக்குக் கோபமாவது வரும். இதில் அவமானம்தான் ஆயுதம். போலீஸ் பல இடங்களில் கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

இப்போது மேலே இருந்தவர்களைப் பார். ஐந்து முறை பிரதமராக இருந்த ஜொலிட்டி, 1921 தேர்தலில் இவர்களைத் தன் கூட்டணியில் சேர்த்துக்கொண்டார். பதவி கொடுத்தால் அடங்கிவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. 35 பேர் நாடாளுமன்றத்துக்குள் வந்தார்கள். 1922 அக்டோபர் 28ஆம் தேதி ரோமை நோக்கி ஊர்வலம். மந்திரிசபை ராணுவச் சட்டத்துக்கு உத்தரவு எழுதி வைத்திருந்தது. ராஜா மூன்றாம் விக்டர் இம்மானுவேல் அதில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார். ராணுவம் அவர் கையில், சட்டம் அவர் பக்கம். ஒரே ஒரு கையெழுத்து, அதை அவர் போடவில்லை. முசோலினி மிலானிலிருந்து ராத்திரி ரயிலில் படுத்துத் தூங்கிக்கொண்டே வந்து ஆட்சியை வாங்கிக்கொண்டார். நம்பிக்கை வாக்கெடுப்பில் ஆதரவு 306, எதிர்ப்பு 116. அவர் கட்சிக்கு இருந்ததோ முப்பத்தைந்து பேர்தான். மீதி ஓட்டெல்லாம் யாருடையது? படித்தவர்கள், பெரிய மனிதர்கள், முன்னாள் பிரதமர்கள்.

அதற்கப்புறமும் ஒரு சந்தர்ப்பம் வந்தது. 1924 மே 30 அன்று மாட்டியோட்டி என்ற சோஷலிஸ்ட் உறுப்பினர் சபையில் எழுந்து, நடந்து முடிந்த தேர்தலின் அடாவடிகளை ஒவ்வொன்றாகப் படித்தார். கூச்சலுக்கு நடுவே விடாமல் படித்தார். ஜூன் 10ஆம் தேதி டைபர் நதிக்கரையில் பட்டப்பகலில் அவரைக் காரில் தூக்கிப் போனார்கள். ஆகஸ்டில்தான் உடல் கிடைத்தது. நாடே கொதித்தது. எதிர்க்கட்சிகள் சபையை விட்டு வெளியேறி, ராஜா ஏதாவது செய்வார் என்று காத்திருந்தன. ராஜா அசையவில்லை. 1925 ஜனவரி 3 அன்று முசோலினி சபையிலேயே நின்று, நடந்த எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு என்றார். யாரும் கைது செய்யவில்லை. அதன் பிறகு சரசரவென்று முடிந்துவிட்டது: வேலைநிறுத்தத்துக்குத் தடை, தேர்ந்தெடுத்த மேயர்களுக்குப் பதில் நியமன ஆட்கள், 1926 முடிவதற்குள் மற்றக் கட்சிகளே இல்லை.

இத்தனைக்கும் பிறகுதான் நீ சொல்கிற 'மக்கள்' வருகிறார்கள். ஆட்சியும் போலீசும் பத்திரிகையும் ஒரே கையில் சேர்ந்தபின், சாதாரண மனிதரிடம் கேட்கப்பட்டது சின்னச் சின்னக் காரியங்கள்தான். அரசு வேலை வேண்டுமா, கட்சி அட்டை எடு. பையனை அணிவகுப்புக்கு அனுப்பு. எட்டு வயதிலேயே சீருடை. ஆரம்பப் பள்ளிக்கு நாடு முழுக்க அரசாங்கம் அச்சடித்த ஒரே பாடப்புத்தகம். மதுக்கடையில் தலைவரைப் பற்றி ஒரு வேடிக்கைப் பேச்சுப் பேசினால் போதும், நீதிமன்றம் இல்லாமலே தூரத்துத் தீவுக்கோ மலைக் கிராமத்துக்கோ அனுப்பிவிடுவார்கள். இப்படிப் போனவர்கள் 10,000க்கும் மேல். 1929இல் ஒரு தேர்தலும் நடந்தது. ஒரே பட்டியல், இரண்டு சீட்டு. 'ஆம்' சீட்டில் தேசியக்கொடியின் மூன்று நிறம், 'இல்லை' சீட்டு வெறும் வெள்ளை. இரகசியம் எந்த லட்சணத்தில் இருந்திருக்கும் என்று நீயே யோசி. அப்படியும் சுமார் 1,35,000 பேர் வெள்ளைச் சீட்டைப் போட்டார்கள். அவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. கோழைகள் என்று நீ எழுதியதைப் படித்தபோது எனக்கு அவர்கள் நினைவுதான் வந்தது.

நாம் ஆசிரியர்கள், அதனால் இதை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். 1931இல் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் எல்லாரும் ஆட்சிக்கு விசுவாசமாக இருப்பதாக உறுதிமொழி எடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. 1,200 பேருக்கு மேல் இருந்தார்கள். மறுத்தவர்கள் 12 பேர் என்பது வழக்கமாகச் சொல்கிற கணக்கு. கணிதமேதை வோல்த்தேரா, மிலானில் தத்துவம் சொல்லிக்கொடுத்த மார்த்தினெத்தி, பொலோன்யாவில் அறுவைசிகிச்சைப் பேராசிரியர் நிக்ரிசோலி, சட்டம் படிப்பித்த ருஃபீனி. அவர் மட்டுமில்லை, வேறு ஊரில் வேலை பார்த்த அவர் மகனும். வேலை போயிற்று. மார்த்தினெத்தி கிராமத்து வீட்டுக்குப் போய்விட்டார்.

மீதிப் பேர் எல்லாம் ஆட்சியின் ஆட்களா? அப்படிச் சொல்ல என்னால் முடியவில்லை. வகுப்பறையை ஃபாசிஸ்டுகளிடம் விட்டுவிடாதீர்கள், கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளேயே இருங்கள் என்று கம்யூனிஸ்ட் கட்சியே தன் ஆட்களுக்குச் சொன்னது. மனத்துக்குள் ஒரு விலக்கு வைத்துக்கொண்டு போடலாம் என்று திருச்சபை வழி சொன்னது. பொருளாதார அறிஞர் எய்னவ்தி கையெழுத்துப் போட்டார். போருக்குப் பிறகு அதே இத்தாலிக்கு ஜனாதிபதியானார், நல்ல ஜனாதிபதி என்றும் பேர் வாங்கினார். ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது, பல காரணங்கள் நியாயமானவை. எனக்கு வயிற்றைப் பிசைவது அதுதான். ஆயிரம் நியாயமான காரணங்கள் சேர்ந்து மாணவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: எங்கள் வாத்தியார்கள் எல்லாரும் இதை ஏற்றுக்கொண்டார்கள்.

ஆகவே கையெழுத்துப் போட்டதே தப்பில்லை என்று நான் சொல்லவரவில்லை. நாலு பிள்ளைகளை வைத்துக்கொண்டு போட்டவரையும், ராணுவத்தையே கையில் வைத்துக்கொண்டு கையெழுத்தை மறுத்த ராஜாவையும் ஒரே தராசில் வைக்காதே என்றுதான் சொல்கிறேன்.

மோதிரக் கதையையும் கேள். 1935இல் எத்தியோப்பியா மீது படையெடுத்தார்கள். உலக நாடுகள் பொருளாதாரத் தடை போட்டன. உடனே தங்கம் கொடுங்கள் என்று நாடு முழுக்க முழக்கம். டிசம்பர் 18 அன்று ரோமில் ராணி எலேனா முதலில் தன் கல்யாண மோதிரத்தைக் கழற்றிப் போட்டாள். பின்னால் பெண்கள் வரிசை. லட்சக்கணக்கில் கொடுத்தார்கள், பதிலுக்குக் கையில் ஓர் இரும்பு மோதிரம். நம் ஊரில் தாலியைக் கழற்றிக் கொடு என்று கேட்டால் எப்படி இருக்கும்? பக்கத்து வீட்டுக்காரி விரலில் இரும்பு மின்னும்போது உன் விரலில் தங்கம் இருந்தால் அதுவே உன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்தத் தங்கம் போய்ச் சேர்ந்த போரில் எத்தியோப்பிய மக்கள் மேல் விமானத்திலிருந்து விஷவாயு போட்டார்கள். கொடுத்த பெண்களில் எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும்? பத்திரிகையில் வந்திருக்காது.

1938 செப்டம்பரில் யூதப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வரக்கூடாது, யூத ஆசிரியர்கள் வேலையில் இருக்கக்கூடாது என்று சட்டம். பள்ளி திறக்கும் நாளில் வருகைப் பதிவேட்டில் சில பெயர்கள் இல்லை. எத்தனையோ வகுப்பில் பெயர் கூப்பிட்ட நமக்கு அது என்ன என்று தெரியும். தூரினில் ரீத்தா லெவி மோந்தால்சினி என்ற இளம் யூத மருத்துவர் படுக்கையறையையே ஆய்வுக்கூடமாக்கிக் கோழி முட்டைக் கருவை வைத்து ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1986இல் நோபல் பரிசு அவருக்கு வந்தது. காலியான பதவிகளுக்கோ ஆட்கள் கிடைத்துக்கொண்டே இருந்தார்கள்.

பெர்த்தீனியைப் பற்றி எழுதாமல் முடிக்க மனமில்லை. இவரும் பின்னாளில் ஜனாதிபதி, 1978 முதல் 1985 வரை. அப்போது முசோலினியை எதிர்த்ததற்காகச் சிறையில் இருந்தார், உடம்பும் சரியில்லை. 1933இல் அவர் அம்மா பொறுக்க முடியாமல் மகனுக்காகக் கருணை மனு போட்டுவிட்டாள். மகனுக்கு அது தெரிந்ததும், இந்த மனுவுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று தீர்ப்பாயத்துக்கு எழுதினார். அம்மாவுக்கும் கடுமையாக ஒரு கடிதம். பேத்தி அவர் வீரத்தைச் சொல்லி மெய்சிலிர்த்தாள். நான் அந்த அம்மாவையே நினைத்துக்கொண்டிருந்தேன். நானாக இருந்தாலும் மனு போட்டிருப்பேன், நீயும் போட்டிருப்பாய். அவர் செய்தது சரிதான். அம்மா செய்ததையும் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடைசியில் 1943 ஜூலை 25 ராத்திரி, முசோலினி பதவியிலிருந்து நீக்கப்பட்டார் என்று வானொலியில் அறிவிப்பு. ஜனங்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். கட்சி வில்லைகளைப் பிடுங்கி எறிந்தார்கள். ரெஜியோ எமிலியா பக்கத்தில் செர்வி என்று ஒரு குத்தகை விவசாயக் குடும்பம், ஏழு மகன்கள். மேடுபள்ளமான நிலத்தைச் சமப்படுத்தி, டிராக்டர் வாங்கி, அதோடு ஓர் உலக உருண்டையையும் வீட்டுக்குக் கொண்டுவந்த ஆட்கள். அவர்கள் மாவு சேர்த்து, பாஸ்தா அவித்து, வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் கலந்து, பால் கேன்களில் நிரப்பி வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் ஊர்ச் சதுக்கத்தில் வந்தவர்க்கெல்லாம் பரிமாறினார்கள். இன்றைக்கும் ஜூலை 25 அன்று பல ஊர்களில் அதே மாதிரி சமைத்துப் போடுகிறார்கள். அந்த ஏழு பேரையும் டிசம்பர் 28ஆம் தேதி ஒரே நாளில் ஃபாசிஸ்டுகள் சுட்டுக்கொன்றார்கள். ஏனென்றால் ஜூலையில் முடிந்துவிட்டது என்று நினைத்தது முடியவில்லை. செப்டம்பரில் ஜெர்மானியர்கள் வந்துவிட்டார்கள். ராஜா என்ன செய்தார் தெரியுமா? ரோமை அப்படியே விட்டுவிட்டு தெற்கே இருந்த பிரிந்திசிக்கு ஓடிப்போனார்.

1946 ஜூன் 2 அன்று, மன்னராட்சியா குடியரசா என்று வாக்கெடுப்பு. தேசிய அளவில் பெண்கள் முதல்முறையாக ஓட்டுப் போட்ட நாள் அது. மோதிரம் கொடுத்தவர்கள், கருணை மனு எழுதியவர்கள் எல்லாரும் வரிசையில் நின்றார்கள். குடியரசுக்கு ஒரு கோடியே இருபத்தேழு லட்சம், மன்னராட்சிக்கு ஒரு கோடியே ஏழு லட்சம். அந்த ராஜ குடும்பத்தை வீட்டுக்கு அனுப்பியது நீ கோழைகள் என்ற அதே மக்கள்தான்.

நான் சொன்னதில் ஒப்பாதது இருந்தால் கட்டாயம் எழுது. நீ வாதாடாத கடிதம் எனக்கு ருசிக்காது. எழுத்துக்கூட்டிப் படிக்கக் கண் வலித்தால் பேரனை வாசிக்கச் சொல், அவனுக்கும் தெரியட்டும். பொங்கலுக்கு உன் பக்கம் வரலாம் என்றிருக்கிறேன். அண்ணனைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் தோழி