பல்லைக் காட்டுவது டிப்ஸுக்கா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இதழில் கேசினோ போக்கர் பற்றி வந்த கட்டுரையில் "டிப்ஸுக்காகப் பல்லைக் காட்டும் சீட்டுக்காரர்கள்" என்று ஒரு வரி போட்டிருந்தீர்கள். மாமாக் கடையில் உட்கார்ந்து படித்தேன், தே தாரிக் ஆறியே போய்விட்டது. 17 வருடம் கப்பல் கேசினோவில் போக்கர் டீலராக, அதாவது மேசையில் சீட்டுப் போடுகிறவனாக, அப்படிப் பல்லைக் காட்டியவன் நான். கப்பல் பெயர் வேண்டாம்.

கூடவே போட்ட படமும் பிளாக்ஜாக் மேசை. சீட்டு உருவும் பெட்டி பக்கத்திலேயே தெரிகிறது. போக்கருக்கு அந்தப் பெட்டி கிடையாது, ஒரே கட்டு, 52 சீட்டு, கையில் பிடித்துத்தான் போடுவோம். உங்களுக்குத் தெரியாததா, அவசரத்தில் நடந்திருக்கும்.

சரி, பல்லுக்கு வருகிறேன். எங்கள் கப்பலில் டிப்ஸ் எல்லாம் ஒரே பெட்டியில் விழும். யாராவது ஒரு சிப்பை, அதாவது காசுக்குப் பதிலான வில்லையை, தள்ளினால் அதை மேசை விளிம்பில் டொக்கென்று தட்டிக் காட்டிவிட்டுத்தான் பெட்டியில் போட வேண்டும், மேலே கேமரா பார்த்துக்கொண்டிருக்கும். எண்ணிப் பிரிக்கும்போது இரவு முழுக்கச் சிரித்தவனுக்கும் உம்மென்று நின்றவனுக்கும் ஒரே பங்குதான். அப்படியென்றால் நான் எந்தக் காசுக்காகச் சிரித்தேன்? அமெரிக்காவில் போக்கர் டீலர்கள் பெரும்பாலும் தங்கள் டிப்ஸைத் தாங்களே வைத்துக்கொள்வார்கள், பாட், அதாவது நடுவில் சேர்ந்த பந்தயக் காசு, ஜெயித்தவர் ஒரு டாலரைத் தள்ளுவது அங்கே வழக்கம். பக்கத்துச் சிங்கப்பூரில் இரண்டு கேசினோக்கள் 2010லிருந்து நடக்கின்றன, அங்கே டீலர் டிப்ஸ் வாங்கவே சட்டம் விடாது. அவர்களும்தான் சிரிக்கிறார்கள். அந்தப் பல் எதற்காம்?

வேலை என்னவென்று எழுத அரைப்பக்கத்தில் இடம் இல்லை போலிருக்கிறது. மூன்று பேர் ஆல் இன், அதாவது கையில் இருப்பதை எல்லாம், போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒருவரிடம் 40 டாலர், ஒருவரிடம் 110, ஒருவரிடம் 300. மூவரிடமும் 40 வீதம் எடுத்து முதல் பாட் 120, மற்ற இருவரிடமும் 70 வீதம் எடுத்து பக்கத்துப் பாட் 140, மீதி 190 அந்த மூன்றாமவருக்கே திரும்பும். இதை மூன்று பேரும் கத்திக்கொண்டிருக்கும்போது, பேனா இல்லாமல், சிப்பைக் கையாலேயே பிரித்து வைத்து முடிக்க வேண்டும். தப்பினால் சூப்பர்வைசர் வருவார். தப்பாவிட்டாலும் தோற்றவன் நம்மைத்தான் திட்டுவான். கிள்ளான் பக்கத்து அண்ணன் ஒருவர், தமிழர் என்று என் மேசைக்கே தேடி வந்து உட்காருவார், கடைசிச் சீட்டில் தோற்றதும் இரண்டு சீட்டையும் என் நெஞ்சில் வீசிவிட்டு "உன் கை விளங்காதுடா" என்றார். குனிந்து எடுத்து, கட்டை எண்ணிச் சரிபார்த்து, அடுத்த ஆட்டம் போட்டேன். அன்றைக்கும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், ஐயா.

இதையெல்லாம் ஊரில் யாரிடம் சொல்வது. பெண் பார்க்கப் போனபோது "பையன் சூதாட்ட விடுதியிலா" என்று கேட்டு இரண்டு வீட்டில் காப்பி கூடத் தரவில்லை. அந்த வீட்டுத் தாத்தாக்கள் நாலு நம்பர் லாட்டரிக் கடையில் வரிசை பிடிப்பதை நான் பார்த்ததில்லையா? நீங்களும் அந்த முடிவுகளைப் பெட்டி கட்டிப் போடுகிறீர்கள், அதற்கு மேலேயே ராசிபலன், அதிர்ஷ்ட எண்ணோடு. நான் சீட்டுக்காரன்!

ஹோட்டல் வேலையாட்களின் சர்வீஸ் சார்ஜ் பற்றி ஒருமுறை எழுதினேன். அந்தக் காசை எடுத்துக் குறைந்தபட்சச் சம்பளத்தை நிரப்பக்கூடாது என்று 2021ல் மலேசியாவின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் சொன்ன நேரம் அது. நீங்கள் போடவில்லை. என் தம்பி மகள் ஹோட்டலில் வேலை செய்கிறாள் என்பதால் எழுதினேன், போகட்டும்.

ஒன்று மட்டும் சொல்லி விடுகிறேன். மேசையை விட்டு எழுந்தால் இரண்டு கையையும் தட்டி, உள்ளங்கையையும் புறங்கையையும் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் நகர வேண்டும், ஒன்றும் எடுக்கவில்லை என்பதற்கு. ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது, போன மாதம் செந்தூலில் ஒரு கல்யாணத்தில் மொய் எழுதிக் காசைக் கொடுத்துவிட்டு என்னை அறியாமல் அப்படியே செய்தேன். மொய் எழுதியவர் முழித்தார். வீட்டுக்காரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த முறை படத்தை மாற்றுங்கள், "சீட்டுக்காரர்" என்பதை எடுத்துவிட்டு டீலர் என்று போடுங்கள். கடிதத்துக்கு இடம் இல்லையென்றால் நாலு நம்பர் முடிவுக்குக் கீழே ஒரு விரற்கடை காலியாக இருக்கும், அங்கே போட்டாலும் சரி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டீலர்,
செந்தூல், கோலாலம்பூர்