செந்தட்டி தேய்த்த கை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த பள்ளித் தடுப்பூசிக் கட்டுரையில் ஒரு திருத்தம். நாற்பது வயதுக்காரர் தோளில் இருக்கும் தழும்பு பெரியம்மைக்குக் குத்தியதல்ல, காசநோய்க்குப் போட்ட பி.சி.ஜி. தடுப்பூசி. இந்தியாவில் கடைசிப் பெரியம்மை 1975 மே மாதத்தோடு முடிந்தது. அப்புறம் சில வருஷங்களில் அம்மை குத்துவதே நின்றுபோனது. இரண்டு தழும்பும் வேண்டுமென்றால் எழுபதைத் தாண்டிய என் கையைப் பார்க்கலாம்: முன்கையில் திருகிக் குத்திய இரண்டு வட்டம், தோளருகே சின்னதாக ஒரு குழி.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கு பி.சி.ஜி. ஜீப் வந்தபோது நான் மூன்றாம் வகுப்பு; 1962. வந்தவுடன் ஊசி போட்டுவிட மாட்டார்கள். முதலில் முன்கையில் ஒரு சோதனை மருந்து. மூன்று நாள் கழித்து வந்து, தடிப்பை ஸ்கேல் வைத்து அளப்பார்கள். நன்றாகத் தடித்திருந்தால் ஊசி கிடையாது, போகலாம்.

இது போதாதா? கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் பட்டால் அரித்துச் சிவக்கும் வேலியோரச் செந்தட்டியைப் பறித்துக் கையில் தேய்த்துக்கொண்டு வந்தான். கை செக்கச்செவேலென்று இருந்தது. ஊசிக்காரர் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அவருக்கு வேண்டியது சிவப்பு இல்லை, தோலுக்குள் கெட்டிப்பட்ட திட்டு. முதல் ஊசி அவனுக்குத்தான்.

நிஜமாகவே தடித்திருந்த நாலைந்து பேர் கூச்சலிட்டுக்கொண்டு மைதானத்துக்கு ஓடினார்கள். எங்களுக்கு ஒரே பொறாமை. காசநோய்க் கிருமி ஏற்கெனவே உடம்புக்குள் புகுந்திருப்பதைத்தான் அந்தத் தடிப்பு காட்டியது என்பது எனக்குப் பல வருஷம் கழித்தே தெரிந்தது. அன்று அந்தப் பிள்ளைகளின் வீட்டுக்கு யாரும் சொல்லியனுப்பியதாக நினைவில்லை.

பெற்றோர் தயங்கியதை 'அறியாமை' என்று கட்டுரையாளர் ஒரே சொல்லில் முடித்துவிட்டார். 1955-ல் ராஜாஜியே பி.சி.ஜி.யை எதிர்த்துச் சிறு நூல் வெளியிட்டவர். 1968-ல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பெரிய ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை இந்த ஊசி தடுக்கவில்லை என்றுதான் கடைசியில் சொன்னது. ஆனால் குழந்தைகளை மூளையில் தாக்கும் காசநோயிலிருந்து இந்த ஊசி காக்கிறது. அதனால்தான் இன்றும் பிறந்தவுடன் போடுகிறார்கள்.

ஜீப் சத்தம் கேட்டதும் என் அப்பா என்னை வயலுக்கு இழுத்துப்போகப் பார்த்தார். அவர் ராஜாஜி எழுதியதைப் படித்தவரல்ல. பக்கத்து ஊரில் ஒரு பையனுக்கு ஊசி போட்ட இடம் வாரக்கணக்கில் சீழ் வைத்ததைப் பார்த்தவர்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
மன்னார்குடி.