ரோம நாணயம் விற்பவர்களே, அந்தக் குத்து சேதம் இல்லை

பழங்காசு வியாபாரிகளுக்கும் ஏலம் நடத்துபவர்களுக்கும் வணக்கம்.

"ரோம வெண்கலம், மிகவும் தேய்ந்தது, முகத்தில் சேதம்" என்று ஒரு வரி எழுதி, மங்கலாக ஒரே ஒரு படம் போட்டு முடித்துவிடுகிறீர்கள். அந்தச் சேதம் பல நேரம் மேல்முத்திரை. காசு புழக்கத்தில் பல கை மாறிய பிறகு, இது செல்லும் என்று காட்டவோ படைவீரர்களுக்குக் கொடுக்கவோ, சின்ன அச்சு ஒன்றை வைத்துச் சுத்தியலால் அடித்தது. எழுத்து பள்ளத்துக்குள் இருப்பதால், பேரரசர் முகம் வழுவழுவென்று ஆன பிறகும் அது தப்பித்துவிடுகிறது.

ஜெர்மனியின் கால்க்ரீசே போர்க்களத்தைப் பாருங்கள். அங்கே கிடைத்த செப்புக் காசுகளில் நிறைய லுக்டுனத்தில், அதாவது இன்றைய லியோனில் அடித்தவை. சிலவற்றில் வி, ஏ, ஆர் மூன்றும் ஒட்டிப் பிணைந்த முத்திரை இருக்கிறது. ரோமத் தளபதி வாருஸின் பெயர்! அவர் கி.பி. 7 வாக்கில்தான் ஜெர்மானியப் பகுதிக்கு ஆளுநராக வந்தார், 9-இல் மூன்று லீஜியன்களோடு, அதாவது ரோமப் படைப்பிரிவுகளோடு அழிந்தார், ஆக அந்த அடி விழுந்தது அந்த இடைவெளியில்தான். இவ்வளவு நெருக்கமான தேதியை அந்தக் காசின் சொந்த எழுத்து தராது. எருசலேமை முற்றுகையிட்ட பத்தாம் லீஜியனும் அப்படித்தான், காட்டுப்பன்றியும் கப்பலும் குத்திய அதன் காசுகளில் அடியில் இருப்பது யார் காசு என்றே தெரியாதவை உண்டு.

கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்துக் காசை மெல்லச் சுற்றுங்கள், ஏனென்றால் முத்திரை தலைகீழாகவோ சாய்ந்தோ விழுந்திருக்கும். பின்பக்கம் ஓரிடம் மட்டும் தட்டையாக நசுங்கியிருந்தால், அதற்கு நேர் எதிரே முன்பக்கத்தில் தேடுங்கள். கட்டமோ வட்டமோ விளிம்பு தெரிந்தால் அநேகமாக முத்திரைதான். வெறும் உளி வெட்டு வேறு சங்கதி: 1898-இல் புதுக்கோட்டைப் பக்கம் கிடைத்த ரோமப் பொற்காசுகளில் பேரரசர் தலைக்குக் குறுக்கே இருப்பது அந்த வகை, செல்லாமல் ஆக்க வெட்டியதாகக் கருதுகிறார்கள்.

சரி, நான் கேட்பது இதுதான். கம்பி பிரஷும் அமிலமும் வேண்டாம், பள்ளத்தில் மிஞ்சியிருக்கும் கொஞ்ச எழுத்தும் அதோடு போய்விடும். இரண்டு பக்கமும் படம் போடுங்கள், எடையும் விட்டமும் சொல்லுங்கள். அப்புறம், காசு எந்த ஊரில் கிடைத்தது என்று தெரிந்தால் அதைத் தயவுசெய்து மறைக்காதீர்கள். முத்திரை எந்தப் படையுடையது, எந்த நகரத்துடையது என்று சொல்ல பல நேரம் இவற்றை ஆராயும் எங்களுக்கு இருக்கும் ஒரே பிடி அதுதான்.