வெள்ள நிவாரணப் பொருள் வழங்கும் இடங்கள்: ஞாயிறு கூட்டம்

மீனாட்சிபுரம் குடியிருப்போர் அனைவருக்கும் வணக்கம்.

2023 டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள் புகுந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். இந்த முறை மழைக்கு முன்பே இடங்களை முடிவு செய்துவிடுவோம்.

அக்டோபர் 5, ஞாயிறு மாலை 5 மணி, பிள்ளையார் கோயில் முன்பு.

1. 2023 வெள்ளத்தில் உங்கள் தெருவில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று குறித்து வாருங்கள். தண்ணீர் ஏறாத, லாரி வந்து திரும்பக்கூடிய இடம்தான் வேண்டும். ஒரே இடம் போதாது. நடுவில் ஒரு தெரு மூழ்கினால் அந்தப் பக்கத்து ஆட்கள் வர முடியாது.
2. நடக்க முடியாத பெரியவர்கள், கைக்குழந்தை, இன்சுலின் போடுபவர்கள் உள்ள வீடுகளைச் சொல்லுங்கள். அவர்களுக்குப் பொருளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்க இளைஞர்கள் பெயர் தரவும்.
3. மாவட்ட அவசர எண் 1077. கரண்ட் போனால் போனும் அணைந்துவிடும், தாளில் எழுதி ஒட்டிவையுங்கள்.

வருகிறவர்கள் வெள்ளிக்குள் தெருப் பெயருடன் இங்கே பதில் போடுங்கள்.